புது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் முரண்டு பிடிக்கிறதா? ரீசெட் அழுத்துவதற்கு முன் இதைப் பாருங்கள்

வீட்டின் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் புது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை மாட்டியாயிற்று. திரை பளிச்சென்று எரிகிறது, போனில் செயலி ஏறிவிட்டது, வைஃபையும் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கூத்து தொடங்குகிறது. 21 டிகிரி வைத்தால் 18-லேயே நிற்கிறது. நடுராத்திரியில் திரை தானாக அணைகிறது. ஹீட்டர் மூன்று நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. சூடு கேட்டால் குளிர்காற்று வருகிறது. இல்லாவிட்டால், ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய கருவி ஒரு மென்பொருள் அப்டேட் வந்த மறுநாள் புத்தி மாறிப்போகிறது.

இந்த நிலையில் எல்லோருடைய விரலும் முதலில் போகிற இடம் ஃபேக்டரி ரீசெட். நானும் அதைத்தான் செய்தேன், ஒரே மாலையில் மூன்று தடவை. மூன்று தடவையும் வைஃபை கடவுச்சொல்லை முதலிலிருந்து தட்டச்சு செய்ததுதான் மிச்சம். கோளாறு இருந்த இடம் வேறு: தெர்மோஸ்டாட் பக்கத்தில் நான் அழகாகச் சொருகியிருந்த நீல வயரின் மறுமுனை, வீட்டைச் சூடாக்கும் மெஷினான ஃபர்னஸ் பெட்டிக்குள் எதிலும் இணைக்கப்படாமல் கேபிளைச் சுற்றிக்கொண்டு சும்மா கிடந்தது. அதை எந்த ரீசெட் சரிசெய்யும்?

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் மின்சாரம், அப்புறம் வயர், அப்புறம் செட்டிங்ஸ், அப்புறம் கருவி மாட்டிய இடம், எல்லாவற்றுக்கும் கடைசியில் வைஃபை. செயலி காட்டும் உதவிப் பக்கங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்லும். அந்த வரிசையில் போனால் கோளாறு போவதற்கு முன் நீங்கள் வைத்திருந்த செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துபோகும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

இங்கே சொல்வதெல்லாம் 24 வோல்ட்டில் ஓடும் தெர்மோஸ்டாட்டுகளுக்கு. வீடு முழுக்கக் குழாய் வழியாகக் காற்றை அனுப்பும் ஃபர்னஸ், சென்ட்ரல் ஏசி, சூடு குளிர் இரண்டையும் ஒரே மெஷினே தரும் ஹீட் பம்ப் ஆகியவற்றில் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும். சுவரில் மெல்லிய, பல நிற வயர்கள் நான்கைந்து தெரிந்தால் அது இதுதான். தடித்த வயர்கள் இரண்டோ நான்கோ, முனையில் பிளாஸ்டிக் தொப்பி போட்டு முறுக்கி இருந்தால், அல்லது பழைய கருவியின் மேல் 120, 230, 240 என்று வோல்ட் எழுதியிருந்தால், கையை எடுத்துவிடுங்கள். அது நேரடி வீட்டு மின்சாரம். அதில் 24 வோல்ட் கருவியை மாட்டினால் கருவி கருகும், தீயும் பிடிக்கலாம். அதற்கென்றே தனி வகைத் தெர்மோஸ்டாட் உண்டு.

24 வோல்ட்தானே என்று அலட்சியமும் வேண்டாம். உங்களுக்கு ஷாக் அடிக்காது, ஆனால் இரண்டு வயர் தவறி உரசினால் ஃபர்னஸின் கண்ட்ரோல் போர்டு போய்விடும். தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஃபர்னஸுக்கும் ஏசிக்கும் போகும் பிரேக்கர்களை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். பல வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனி பிரேக்கர் இருக்கும். ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு வேலை பார்ப்பது வழக்கமான தவறு.

பழையது ஓடியது, புதியது ஏன் ஓடவில்லை?

இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச். 1953-இல் ஹனிவெல் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு இரட்டை உலோகச் சுருள், அதன் மேல் பாதரசம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குமிழ். அறை குளிர்ந்தால் சுருள் அசையும், குமிழ் சாயும், பாதரசம் ஓடி இரண்டு கம்பிகளை இணைக்கும், ஃபர்னஸ் எரியும். அதற்கென்று தனியாக மின்சாரமே தேவையில்லை.

புதியது அப்படி இல்லை. அதற்குள் ஒரு குட்டிக் கணினி, திரை, வைஃபை ரேடியோ எல்லாம் இருக்கின்றன. இருபத்துநாலு மணி நேரமும் தீனி வேண்டும். மின்சாரம் வருவதற்கு ஒரு வயர், திரும்பிப் போவதற்கு இன்னொரு வயர் வேண்டும். வருவது 'ஆர்'. திரும்பிப் போவது 'சி', அதாவது பொது வயர். பழைய சுவிட்சுக்கு 'சி' தேவைப்படாததால் பல வீடுகளில் அதை இழுக்கவே இல்லை. இழுத்திருந்தாலும் இணைக்காமல் சுவருக்குள் சுருட்டி விட்டிருப்பார்கள்.

'சி' இல்லாவிட்டால் சில கருவிகள் ஒரு குறுக்குவழி பிடிக்கும். ஹீட்டரையோ ஏசியையோ இயக்கும் வயர் வழியாகவே துளித்துளியாக மின்சாரத்தைத் திருடித் தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். பல வீடுகளில் இது சத்தமில்லாமல் நடந்துவிடும். சில ஃபர்னஸ் போர்டுகள் மட்டும் அந்தத் துளி மின்சாரத்தையே 'சூடு கேட்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், 'டிக், டிக்' என்று அடிப்பதும், யாரும் கேட்காமல் ஃபேன் ஓடி நிற்பதும். திருடுவதற்குக்கூட வழி கிடைக்காத நாட்களில் பேட்டரி இறங்கி, முதலில் வைஃபை போகும், பிறகு திரை போகும். ஆக, வைஃபை அடிக்கடி அறுந்துபோனால் ரவுட்டரைத் திட்டுவதற்கு முன் பேட்டரி அளவைப் பாருங்கள். பல கருவிகளில் தொழில்நுட்பத் தகவல் என்ற பக்கத்தில் அது தெரியும். கூகுளின் நெஸ்ட் கருவிகளில் 3.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பசியில் இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் படி: கருவிக்குத் தீனி போகிறதா?

திரையே எரியவில்லை என்றால் பார்க்க வேண்டியவை இவை. பிரேக்கர் விழுந்திருக்கிறதா? ஃபர்னஸுக்குப் பக்கத்தில் லைட் சுவிட்ச் மாதிரியே ஒன்று இருக்கும், அதை யாராவது விளக்கு என்று நினைத்து அணைத்துவிட்டார்களா? ஃபர்னஸின் கதவுத் தகடு சரியாக மூடியிருக்கிறதா? தகடுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் உண்டு. தகடு அரை அங்குலம் விலகி இருந்தாலும் அது மொத்தத்தையும் நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட் மாற்றும்போது தகடைத் திறந்து மூடியிருப்பீர்கள், அதனால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்து ஃபியூஸ். ஃபர்னஸின் கண்ட்ரோல் போர்டில் கார்களில் இருப்பதைப் போன்ற சின்ன பிளேடு ஃபியூஸ் ஒன்று குத்தி வைத்திருப்பார்கள். ஊதா நிறம் என்றால் 3 ஆம்பியர், பழுப்பு நிறம் என்றால் 5. வயர் மாற்றும்போது 'ஆர்' போய் 'சி'யிலோ ஃபர்னஸ் உடம்பிலோ ஒரு நொடி உரசினால் போதும், இது போய்விடும். பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் வளைவுக் கம்பி அறுந்திருந்தால் தெரியும். அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். கையில் இருக்கிறதே என்று 10 ஆம்பியர் ஃபியூஸைப் போடாதீர்கள், அடுத்த தடவை ஃபியூஸுக்குப் பதில் 24 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் போகும். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸ் வாங்க வேண்டாம்.

ஏசி ஓடும் காலத்தில் திரை அணைந்தால் இன்னொரு ஆள் மீதும் சந்தேகம் வர வேண்டும்: தண்ணீர். ஏசி வடிக்கும் நீர் போகும் குழாய் பாசி பிடித்து அடைத்துக்கொண்டால் தட்டில் நீர் ஏறும். அங்கே இருக்கும் மிதவை சுவிட்ச் எழும்பி மின்சாரத்தை வெட்டிவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனால் பழி புதுக் கருவி மேல் விழும். குழாயின் அடைப்பை எடுத்தால் திரை தானாக உயிர் பெறும்.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இதையெல்லாம் ஊகிக்கவே தேவையில்லை. விலை குறைந்ததே போதும். அதை ஏசி வோல்ட் நிலையில் வையுங்கள். இங்கே ஏசி என்பது மாறுதிசை மின்சாரம், குளிர்சாதனம் இல்லை. டிசி நிலையில் வைத்துவிட்டு 'பூஜ்யம் காட்டுகிறது' என்று பதறியவர்கள் பலர். முகப்பைக் கழற்றி, பிரேக்கரை மேலேற்றி, சுவர்த் தட்டில் 'ஆர்' மீது ஒரு முனை, 'சி' மீது ஒரு முனை வையுங்கள். 24-லிருந்து 28 வரை காட்டினால் தீனி நன்றாகப் போகிறது. பூஜ்யம் என்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று, அல்லது என் வீட்டில் நடந்தது. அதை அறிய ஃபர்னஸ் போர்டில் அதே 'ஆர்', 'சி' திருகுகளில் அளந்து பாருங்கள் (தகடு திறந்திருந்தால் அந்தப் பாதுகாப்புச் சுவிட்சே பூஜ்யம் காட்ட வைக்கும், மறக்காதீர்கள்). அங்கே 24 வோல்ட் இருந்து சுவரில் பூஜ்யம் என்றால், நடுவில் வயர் அறுந்திருக்கிறது, அல்லது போர்டு பக்கத்தில் இணைக்கப்படவே இல்லை. சாதாரணமாக 25 காட்டிவிட்டு ஹீட்டரோ ஏசியோ ஓடத் தொடங்கியதும் 20-க்குக் கீழே விழுந்தால், டிரான்ஸ்ஃபார்மர் சுமை தாங்கவில்லை அல்லது ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

'சி' வயரே இல்லையென்றால் வழிகள் உண்டு. முதலில் சுவருக்குள் விரலை விட்டுப் பாருங்கள், பயன்படுத்தாத ஒரு வயர் சுருண்டு கிடக்கலாம். கிடந்தால் அதிர்ஷ்டம், இரண்டு முனையிலும் 'சி'யில் இணைத்தால் முடிந்தது. கிடைக்காவிட்டால் சில நிறுவனங்கள் தரும் இணைப்புப் பெட்டியை ஃபர்னஸ் போர்டில் மாட்டலாம், நான்கு வயரே ஐந்து வயரின் வேலையைச் செய்யும். ஈகோபீ நிறுவனத்தின் கருவிகளோடு வரும் பவர் எக்ஸ்டெண்டர் இந்த வகைதான். சுவர் பிளக்கில் சொருகும் தனி 24 வோல்ட் அடாப்டரும் கிடைக்கிறது. பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும். ஃபேன் வயரான 'ஜி'யை 'சி'யாக மாற்றிக்கொள்ளும் வழியைப் பலர் சொல்வார்கள். அதுவும் நடக்கும், ஆனால் ஃபேனை மட்டும் தனியாக ஓட்டும் வசதி போய்விடும். எனக்கு அது கடைசி வழி.

இரண்டாம் படி: வயர்களை எழுத்து பார்த்துச் சரிபாருங்கள்

வயரின் நிறத்தை நம்பவே கூடாது. சிவப்பு 'ஆர்', வெள்ளை 'டபிள்யூ', மஞ்சள் 'ஒய்', பச்சை 'ஜி', நீலம் 'சி' என்பது வழக்கம் மட்டுமே, சட்டம் இல்லை. முதலில் இழுத்தவர் கையில் எந்த நிறம் இருந்ததோ அதை மாட்டியிருப்பார். பழைய கருவியில் எந்த எழுத்தில் இருந்தது, ஃபர்னஸ் போர்டில் எந்த எழுத்தில் இருக்கிறது என்பதே கணக்கு. கழற்றும் முன் எடுத்த போட்டோ இருந்தால் இப்போது அது பொன். இல்லையென்றால் போர்டு பக்கம் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்துகளின் வேலை இவ்வளவுதான்: 'ஆர்' மின்சாரம் தருவது, 'டபிள்யூ' சூடு, 'ஒய்' குளிர், 'ஜி' ஃபேன். 'ஆர்'-ஐ எதனுடன் இணைக்கிறோமோ அது ஓடும். ஹீட் பம்ப் என்றால் கூடவே 'ஓ' அல்லது 'பி' என்று ஒன்று இருக்கும். சில பழைய கருவிகளில் 'பி' என்ற எழுத்தே பொது வயரைக் குறித்தது. அந்த வயரை 'ஓ/பி' என்ற புதுத் துளையில் சொருகினால் ஷார்ட்தான். கழற்றிய கருவியில் 'பி'யில் நீல வயர் இருந்தால் மாட்டும் முன் நன்றாக யோசியுங்கள்.

இப்போது சொருகிய விதத்தைப் பாருங்கள். நான் பார்த்த பாதிக் கோளாறுகள் இங்கேதான். வயரின் உறையை மிகக் குறைவாக உரித்தால் துளைக்குள் செம்புக்குப் பதில் பிளாஸ்டிக் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் உறுதியாக இருக்கும், மின்சாரம் போகாது. சில நாள் போகும், சில நாள் போகாது, அது இன்னும் மோசம். செம்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் தெரியும்படி உரித்து, நேராக்கி, உள்ளே முட்டும் வரை தள்ளுங்கள். அழுத்தும் பொத்தான் உள்ளே இறங்கியே நிற்க வேண்டும். மேலே எழும்பினால் வயர் பிடிபடவில்லை. பிறகு ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால், குற்றவாளி கையிலேயே இருக்கிறான்.

பழைய கருவியில் 'ஆர்.சி' (குளிருக்கு), 'ஆர்.எச்' (சூட்டுக்கு) என்று இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பி இருந்திருக்கும். வந்த ஒரே சிவப்பு வயரை இரண்டுக்கும் பகிர்வதற்கு அது. பல புதுக் கருவிகள் அதை உள்ளேயே செய்துகொள்ளும், சிலவற்றில் நாமே ஒரு கம்பித் துண்டு போட வேண்டும். சூடு வருகிறது, குளிர் வரவில்லை, அல்லது குளிர் வருகிறது, சூடு வரவில்லை என்றால் இதை நினைவில் வையுங்கள்.

ஃபர்னஸ் போர்டில் 'ஒய்', 'சி' இரண்டிலும் இரண்டிரண்டு வயர்கள் இருப்பது இயல்பு. ஒன்று தெர்மோஸ்டாட்டுக்கு, மற்றது வெளியே இருக்கும் யூனிட்டுக்கு. புது வயர் இணைக்கும் அவசரத்தில் வெளி யூனிட்டுக்குப் போவதைக் கழற்றிவிட்டால், உள்ளே ஃபேன் மட்டும் சாதாரணக் காற்றை ஊதும், வெளியே கம்ப்ரசர் அசையாது.

கம்பித் துண்டுச் சோதனை

கோளாறு கருவியிலா, வீட்டின் மெஷினிலா என்று பத்து நிமிடத்தில் பிரித்துச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. இதைச் செய்யாமல் கருவியைத் திருப்பி அனுப்புபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அடுத்து வரும் கருவியும் அதையேதான் செய்யும்.

பிரேக்கரை இறக்குங்கள். முகப்பைக் கழற்றுங்கள். 'ஆர்' வயரையும் 'ஜி' வயரையும் தட்டிலிருந்து எடுத்து, இரண்டின் செம்பு முனைகளையும் ஒன்றாக முறுக்குங்கள். மற்ற வயர்கள் எதையும் தொடாமல் இருக்கட்டும், முக்கியமாக 'சி'. இப்போது பிரேக்கரை மேலேற்றுங்கள். ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மின்சாரம், ஃபியூஸ், அந்த இரண்டு வயர்கள் எல்லாம் நலம். பிரேக்கரை இறக்கி, 'ஜி'யைப் பிரித்துவிட்டு 'ஆர்'-ஐ 'டபிள்யூ'வோடு முறுக்கி, மறுபடி மேலேற்றுங்கள். ஃபர்னஸ் தன் வரிசைப்படி தொடங்கும்: முதலில் புகை வெளியேற்றும் சிறு ஃபேன், பிறகு பற்றவைப்பு, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வெதுவெதுப்பான காற்று. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அங்கேயே நின்று பார்க்க வேண்டும், இப்படி முறுக்கிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. சூட்டை நிறுத்தச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

குளிருக்கு 'ஆர்', 'ஒய்', 'ஜி' மூன்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். ஆனால் கம்ப்ரசர் சற்று முன்புவரை ஓடியிருந்தால் ஐந்து நிமிடமாவது ஆறவிட்டுச் செய்யுங்கள். வெளியே கடுங்குளிராக இருக்கும் நாளில் இந்தச் சோதனையே வேண்டாம், கம்ப்ரசருக்குக் கெடுதி.

கம்பி முறுக்கி எல்லாம் ஓடுகிறது, தெர்மோஸ்டாட் மாட்டினால் ஓடவில்லை என்றால், கோளாறு கருவியிலோ அதன் செட்டிங்ஸிலோதான். கம்பி முறுக்கியும் ஓடவில்லை என்றால் கருவி நிரபராதி.

மூன்றாம் படி: செட்டிங்ஸ்

சூடு கேட்டால் குளிர் வருகிறதா? உங்கள் வீட்டில் ஹீட் பம்ப் இருந்தால், 'ஓ/பி' செட்டிங் தலைகீழாக இருக்கலாம். ஹீட் பம்ப்பில் ஒரு வால்வு திரும்பினால் குளிரும் சூடும் இடம் மாறும். பெரும்பாலான நிறுவனங்கள் குளிருக்கு அந்த வால்வுக்கு மின்சாரம் கொடுப்பார்கள், அது 'ஓ'. ரீம், ரூட் போன்றவை சூட்டுக்குக் கொடுக்கும், அது 'பி'. செட்டிங்ஸில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள். இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் தீர்வு இவ்வளவு சுலபம்.

ஆனால் ஹீட் பம்ப்பைச் சாதாரண ஃபர்னஸ் என்று கருவியிடம் சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது எந்த வயருக்கு எந்த வேலை என்பதே குழம்பிப்போகும். மெஷின் வகை என்ற பக்கத்தில் ஒன்றொன்றாகப் படித்துச் சரிபாருங்கள். அதே பக்கத்தில் எரிபொருள் வகையும் கேட்கும். மின்சார ஃபர்னஸ் என்றால் சூட்டோடு ஃபேனையும் தெர்மோஸ்டாட்தான் ஓட்ட வேண்டும். கேஸ் ஃபர்னஸ் தன் ஃபேனைத் தானே பார்த்துக்கொள்ளும். சூடு உண்டாகிறது, காற்று வரவில்லை என்றால் இந்த இடம்தான்.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் மாற்றிய மாதமே மின்கட்டணம் ஏறியதைப் பார்த்து அதிர்ந்துபோவார்கள். காரணம் துணை ஹீட்டர். இரவில் நான்கைந்து டிகிரி இறக்கி வைத்துவிட்டு காலையில் திடீரென்று ஏற்றினால், ஹீட் பம்ப் தனியாக எட்டிப்பிடிக்க முடியாமல் மின்சாரச் சுருள் ஹீட்டரைத் துணைக்கு இழுக்கும். அது ஹீட் பம்ப்பைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்னும். இரவில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். வெளி வெப்பநிலை இத்தனைக்கு மேல் இருந்தால் துணை ஹீட்டர் வேண்டாம் என்று சொல்லும் செட்டிங் இருந்தால் அதைப் போடுங்கள். 'எமர்ஜென்சி ஹீட்' என்ற நிலையில் தெரியாமல் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பெயரைப் பார்த்து வேகமான சூடு என்று நினைத்துவிடுவார்கள், அது ஹீட் பம்ப்பை முழுக்க நிறுத்திவிட்டு மின்சார ஹீட்டரை மட்டும் ஓட்டும் நிலை.

அடிக்கடி ஓடி நிற்பதற்கு மின்சாரக் குறைவு காரணம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று இடைவெளி: வைத்த வெப்பநிலையிலிருந்து எவ்வளவு விலகினால் மெஷின் தொடங்க வேண்டும் என்பது. கால் டிகிரி என்று இருந்தால் ஓயாமல் ஓடி நிற்கும், அரையோ முக்காலோ வைத்தால் அடங்கும். இன்னொன்று மணிக்கு எத்தனை சுற்று என்பது. சாதாரண கேஸ் ஃபர்னஸுக்கு 5 அல்லது 6, கம்ப்ரசருக்கும் சுடுநீர்க் குழாய்ச் சூட்டுக்கும் 3, நீராவிக்கு 1 என்பது வழக்கமான அளவு. சுடுநீர் வீட்டில் ஃபர்னஸின் 6 இருந்தால் பாயிலர் மூச்சு விடாது. காற்று வடிகட்டி அடைத்துப்போய் ஃபர்னஸ் சூடேறித் தானே நின்றுகொள்வதும் இதே அறிகுறியைக் காட்டும். வடிகட்டியை உருவிப் பாருங்கள், சாம்பல் கம்பளி மாதிரி இருந்தால் மாற்றுங்கள்.

கேட்டதும் ஏசி தொடங்கவில்லை, திரையில் 'காத்திருக்கிறது' என்று வருகிறதா? அது கோளாறே இல்லை. கம்ப்ரசர் நின்ற உடனே தொடங்கினால் கெடும் என்பதால் சுமார் ஐந்து நிமிடம் பூட்டி வைக்கும். பொறுமையில்லாமல் மேலும் கீழும் அழுத்தினால் காத்திருப்புதான் நீளும்.

அப்புறம் 'தானாக மாறுகிறது' என்ற புகார். வெப்பநிலையைப் பேய் மாற்றவில்லை. நீங்கள் முதல் வாரம் சும்மா திருகிப் பார்த்ததையெல்லாம் கற்றுக்கொண்டு கருவி ஒரு அட்டவணை போட்டிருக்கும். போன் வீட்டை விட்டு வெளியேறியதைப் பார்த்து யாரும் இல்லை என்று முடிவு செய்திருக்கும், போனை வீட்டிலேயே விட்டுப்போனால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நினைக்கும். காலை 6 மணிக்கு 21 வேண்டும் என்றால் 5 மணிக்கே தொடங்கும் முன்கூட்டிய சூடு என்ற வசதியும் இருக்கும். மின் நிறுவனத்தின் சேமிப்புத் திட்டம் எதிலாவது, பதிவு செய்யும்போது ஒரு கட்டத்தில் டிக் போட்டு, சேர்ந்திருந்தால் உச்ச நேரத்தில் அவர்களே மாற்றுவார்கள். இவை ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டு, மூன்று நாள் வெறும் கையால் இயக்கிப் பாருங்கள். மூன்று நாளும் ஒழுங்காக இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். எது போட்டதும் கெடுகிறதோ அதுதான்.

அப்டேட்டுக்குப் பிறகு கெட்டால்

இங்கே மட்டும் கருவியை நானும் சந்தேகிப்பேன். 2015 டிசம்பரில் நெஸ்ட் கருவிகளுக்குப் போன ஒரு மென்பொருளில் இருந்த பிழை பேட்டரியை உறிஞ்சி, 2016 ஜனவரிக் குளிரில் பல வீடுகளில் தெர்மோஸ்டாட் இருண்டுபோனது. அப்படி நடப்பது உண்டு. ஆனால் நடைமுறையில் அடிக்கடி நடப்பது வேறு: அப்டேட் முடிந்து கருவி புதிதாகத் தொடங்கும்போது ஏதோ ஒரு செட்டிங் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், அல்லது புதிதாகச் சேர்த்த ஒரு 'சேமிப்பு' வசதி தானாக இயங்கத் தொடங்கும்.

முதலில் கருவியை மறுதொடக்கம் செய்யுங்கள். ரீசெட் இல்லை, ரீஸ்டார்ட். செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டும் அருகருகே இருக்கும், விரல் ஜாக்கிரதை. பிறகு மெஷின் வகை, 'ஓ/பி', இடைவெளி, சேமிப்பு வசதிகள், நேர மண்டலம் ஆகியவற்றைப் பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். போட்டோ இல்லையென்றால் சரிசெய்து முடித்த அன்றைக்காவது ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். பேட்டரி இறங்கி இருண்டிருந்தால், முகப்பின் பின்பக்கம் யுஎஸ்பி துளை உள்ள கருவிகளை ஒன்றிரண்டு மணி நேரம் சார்ஜில் போட்டு மீட்கலாம்.

கையில் இருப்பது பழைய மாடல் என்றால் இன்னொன்றும் உண்டு. நெஸ்ட் லேர்னிங் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 2025 அக்டோபர் 25-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. சுவரில் திருகினால் வேலை செய்யும், செயலியில் வராது. இதைக் கோளாறு என்று நினைத்து வயரைக் கிண்ட வேண்டாம்.

நான்காம் படி: மாட்டிய இடம்

அறை குளிர்கிறது, திரை மட்டும் 22 என்கிறதா? முகப்பை எடுத்து, வயர் வரும் சுவர்த் துளைக்கு முன்னால் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடியுங்கள். காகிதம் ஆடினால் சுவருக்குள்ளிருந்து காற்று வந்து கருவியின் உணரியை நேரடியாகத் தொடுகிறது. பழைய சுவிட்சின் பெரிய உடம்பு மறைத்திருந்த துளை இப்போது திறந்திருக்கலாம். கொஞ்சம் பஞ்சையோ ஜன்னல் அடைக்கும் களிம்பையோ வைத்து மூடினால் தீர்ந்தது. வெயில் விழும் சுவர், விளக்கு, டிவி, காற்று வரும் துளைக்கு நேர் எதிர் ஆகியவையும் இப்படித்தான் ஏமாற்றும்.

மாட்டிய முதல் ஓரிரு மணி நேரம் தவறான எண் காட்டுவது இயல்பு, கருவி அறையின் சூட்டுக்கு வர வேண்டும். ஒரு நாள் கழித்தும் வேறு வெப்பமானியோடு ஒன்றரை டிகிரி வித்தியாசம் இருந்தால் மட்டும் திருத்த எண்ணைப் போடுங்கள். வேறு அறையில் தனி உணரி வைத்திருந்தால், கருவி எந்த அறையைப் பார்க்கிறது, சராசரி எடுக்கிறதா என்று பாருங்கள். படுக்கையறை உணரியை இரவுக்கு மட்டும் என்று வைத்துவிட்டு மறந்துபோனவர்களில் நானும் ஒருவன்.

வைஃபை

சுருக்கமாகவே சொல்கிறேன். வைஃபை இல்லாவிட்டாலும் சூடும் குளிரும் வர வேண்டும், அந்த முடிவைச் சுவரில் இருக்கும் கருவியே எடுக்கிறது. ஆக, வீடு குளிர்கிறது என்ற புகாருக்கு வைஃபை காரணமாக இருப்பது அரிது. செயலியில் மட்டும் 'ஆஃப்லைன்' என்றால், பல கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே தெரியும், ரவுட்டரில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் மாற்றியிருந்தால் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்தால் எதையும் திரும்ப இணைக்கத் தேவையில்லை. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-உம் சேர்ந்த நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்

கேஸ் வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் அப்படியே. கருகல் வாடை, தொட முடியாத அளவுக்குச் சூடான டிரான்ஸ்ஃபார்மர், திரும்பத் திரும்பப் போகும் ஃபியூஸ் என்றால் பிரேக்கரை இறக்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் 'தெர்மோஸ்டாட் சரியில்லை' என்று சொல்லாமல், 'ஆர்-சி 25 வோல்ட் இருக்கிறது, ஆர்-ஜி முறுக்கினால் ஃபேன் ஓடுகிறது, ஆர்-டபிள்யூ முறுக்கினால் ஃபர்னஸ் தொடங்கவில்லை' என்று சொன்னால் அவர் நேராகப் போய்ப் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பார். அரை மணி நேரம் மிச்சம்.

கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டை, ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போகும் வரை தூக்கிப் போடாதீர்கள். புதியது நடுராத்திரியில் கைவிட்டால் நான்கு வயரைச் சொருகிச் சமாளிக்கலாம். அதற்கப்புறம் போடுவதென்றால், மூடியைத் திறந்து உள்ளே கண்ணாடிக் குமிழில் வெள்ளி மாதிரி ஏதாவது உருள்கிறதா என்று பாருங்கள். உருண்டால் அது பாதரசம், குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.